சோலைமந்தியும் காபித் துருவும்: ஒப்பிட்டால் என்ன தெரியும்?

கேள்வி இதுதான்: அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு குரங்கையும், செடியைத் தாக்கும் ஒரு பூஞ்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டா, அல்லது வெறும் விளையாட்டா?

எந்தக் குரங்கு, எந்தப் பூஞ்சை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பொதுவாகப் பேசினால் 'அது பெரியது, இது சிறியது' என்பதோடு முடிந்துவிடும். ஒரே மலையில் வாழும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு (மகாகா சைலீனஸ்). இன்னொன்று அதே மலையின் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோயை உண்டாக்கும் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே பத்தடி உயரம்தான் இடைவெளி. மேலே நிழல்மரக் கிளையில் மந்தி இருக்கும், கீழே காபி இலையின் அடிப்பக்கத்தில் துரு இருக்கும்.

முதலில் பலருக்கு வியப்பாக இருக்கும் ஒரு விஷயம். இந்த மூன்றில், அதாவது மந்தி, துரு, காபிச் செடி ஆகியவற்றில், நெருங்கிய உறவினர் யார் யார்? பூஞ்சையைத் தாவரவியல் புத்தகத்தில் படித்துப் பழகியதால் துருவும் காபியும் ஒரு பக்கம் என்று தோன்றும். உண்மையில் துருவுக்கு நெருங்கிய சொந்தம் மந்திதான். விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரே பெருங்கிளையில் வருகின்றன. தாவரங்கள் அதற்கு வெகு முன்பே பிரிந்துபோனவை. இரண்டும் தன் உணவைத் தானே தயாரிக்காது. இரண்டும் மிச்சச் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன, செடியைப் போல ஸ்டார்ச்சாக அல்ல. பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டின்தான் வண்டு, நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் இருக்கிறது. உருளைக்கிழங்குக் கருகலை உண்டாக்கும் உயிரியை வழக்கத்தில் பூஞ்சை என்றே சொன்னாலும் அது இந்தக் கிளையைச் சேர்ந்ததல்ல. காபித் துரு அசல் பூஞ்சை, காளானின் தூரத்துச் சொந்தம்.

உறவு அதோடு முடிந்தது. வாழும் விதத்தில் ஒற்றுமை இருப்பது ஒரே ஒரு இடத்தில்: இரண்டுமே பிடிவாதக்காரர்கள்.

சோலைமந்தி என்று பெயர் இருந்தாலும், உயர்ந்த மலைமுகட்டில் புல்வெளிக்கு நடுவே குட்டையாக நிற்கும் சோலைக்காடு அதன் முக்கிய இடமல்ல. அதற்குக் கீழே, மரங்கள் ஓங்கி வளரும் மழைக்காடுதான் அதன் வீடு. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இடையூறு இல்லாத காட்டில் அது தரையில் கால் வைப்பதே அபூர்வம். வெடிப்பலா மரத்தின் பூவையும் விதையையும் விரும்பித் தின்னும். அத்தி, காட்டுப்பலா, இடையிடையே பூச்சி, மரத்தவளை, பல்லி. பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: கருமந்தி என்று சொல்லப்படும் நீலகிரி லங்கூர் வேறு. அதற்கு உடல் கறுப்பு, தலை பழுப்பு, வால் நீளம், முக்கிய உணவு இலை. சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறப் பிடரி, குட்டையான வால், வால் நுனியில் சிறு குஞ்சம். தின்ன நேரமில்லாதபோது பழத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். லங்கூருக்குக் கன்னப்பை கிடையாது.

துருவின் பிடிவாதம் இதைவிடக் கடுமை. உயிருள்ள காபி இலை இல்லாமல் அதனால் வளர முடியாது. ஆய்வகத் தட்டில் சர்க்கரையும் அகாரும் போட்டு வளர்க்கும் வழக்கமான முறை இதனிடம் செல்லாது. ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் காபிச் செடியை வளர்த்து, அதில்தான் துருவை வளர்க்க வேண்டும். இலை காய்ந்து விழுந்தால் அந்த இலையில் இருந்த துருவும் அதோடு சரி. கோதுமைத் தண்டுத்துருவுக்கு இருப்பதுபோல இதற்கு இன்னொரு மாற்றுச் செடி உண்டா என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேடியும் கிடைக்கவில்லை. அதனால்தான் 'இந்தப் பூஞ்சை குரங்குக்கும் தொற்றுமா?' என்ற கேள்விக்குத் தயங்காமல் இல்லை என்று சொல்லலாம். அது நுழையும் ஒரே வாசல் காபி இலையின் அடிப்பக்கத்து இலைத்துளை. விதை போலப் பரவும் அதன் நுண்துகள்தான் வித்து. ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸில் நன்றாக முளைக்கும் வித்து, 30-ஐத் தாண்டினாலே சுணங்கிவிடும். பாலூட்டியின் உடல் சூடு அதற்கு ஒத்தே வராது.

இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் இரண்டில் ஒன்று ஏன் அழிகிறது, இன்னொன்று ஏன் உலகம் சுற்றி வந்தது? பதில் இனப்பெருக்கக் கணக்கில் பாதி இருக்கிறது.

பெண் மந்தி காட்டில் முதல் குட்டி போட ஆறு வயதுக்கு மேல் ஆகிறது. பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி. ஐந்தாறு பெண்கள் உள்ள கூட்டத்தில் ஓர் ஆண்டில் இரண்டு குட்டி பிறந்தாலே நல்ல ஆண்டு. அதிலும் எல்லாம் பிழைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு வளர்ந்த பெண் சாலையில் அடிபட்டுச் செத்தால், அந்த இடத்தை நிரப்ப ஒரு பெண்குட்டி பிறந்து, பிழைத்து, ஆறு வயதைக் கடக்க வேண்டும். பிறப்பதில் பாதி ஆண் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வண்டிச் சக்கரம் ஒரு நொடியில் செய்ததைச் சரிக்கட்டப் பத்து ஆண்டு ஆகலாம். காட்டில் இவற்றின் மொத்த எண்ணிக்கை 4,000-க்கும் குறைவு என்பதே மதிப்பீடு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் 'அழியும் அபாயத்தில் உள்ளது' என்ற வகை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை.

துருவின் கணக்கு வேறு மாதிரி. ஈர இலையில் வித்து விழுந்து முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே போய், செல்களில் உறிஞ்சுறுப்புகளை இறக்கி, திரும்ப ஆரஞ்சுத் தூளாக வெளியே வர மூன்று முதல் ஆறு வாரம். சூட்டையும் இலையின் வயதையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு புள்ளியிலிருந்தே மாதக்கணக்கில், லட்சக்கணக்கில் வித்துகள் வரும். அதில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். ஒரு புள்ளியிலிருந்து வெறும் பத்துப் புள்ளிகள் மட்டுமே உருவாகின்றன என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு தலைமுறை என்றால், ஜூன் தொடக்கத்தில் இருந்த ஒரு புள்ளி, நவம்பர் முடிவில் 10 லட்சம். நோய் 'திடீரென்று வந்துவிட்டது' என்று தோட்டத்தில் சொல்வார்கள். திடீரென்று எதுவும் வருவதில்லை; கடைசி இரண்டு தலைமுறைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் கணக்குக்கு 1869-க்குப் பிறகான இலங்கையைவிடப் பெரிய சான்று இல்லை. அங்கிருந்து பேராதனைப் பூங்காவின் துவெய்ட்ஸ் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, இங்கிலாந்தில் பூஞ்சை அறிஞர் பெர்க்லி இந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்த ஆண்டு அது. வித்து சிறுநீரக வடிவம்: முதுகுப்பக்கம் முள், வயிற்றுப்பக்கம் வழவழப்பு. 'பாதி வழவழப்பு' என்பதுதான் ஹெமிலியா. வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசம் செய்பவள். தோட்டத் துரைமார் அதைச் சுருக்கி 'எமிலி' என்று பெண் பெயராக்கிக் கசப்பாகக் கிண்டல் செய்தார்கள். மலைச்சரிவு முழுக்க இடைவெளியின்றி அராபிகா என்ற காபி வகை, அதுவும் மரபளவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான செடிகள். 1890-களுக்குள் இலங்கையில் காபி பெரும் வணிகப் பயிராக இருந்த காலம் முடிந்து, அதே சரிவுகளில் தேயிலை ஏறிவிட்டது. காபி பறிக்கப் பருவத்துக்குப் போய்த் திரும்பிவந்த தமிழ்த் தொழிலாளர்கள், ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் கேட்கும் தேயிலை வந்தபின் லயங்களிலேயே தங்கிப்போனார்கள். மலையகத் தமிழரின் வரலாற்றில் இந்தப் பூஞ்சைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் கருத்து.

இந்த ஒப்பீட்டின் மையம் என்று நான் நினைப்பது தொடர்ச்சியைத்தான். மந்திக்கு மரக்கூரை தொடர்ந்தால் வாழ்வு. துருவுக்குக் காபி இலை தொடர்ந்தால் வாழ்வு. ஒன்றுக்கு நாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இன்னொன்றுக்கு அறுத்துவிட வேண்டும். நூற்றைம்பது ஆண்டாக இந்த மலைகளில் நடந்தது நேர் எதிர்: மரக்கூரையை அறுத்துக் காபியையும் தேயிலையையும் தொடர்ச்சியாக்கினோம்.

ஆனைமலையில் வால்பாறைப் பீடபூமியைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். தேயிலைக் கடலுக்கு நடுவே நாற்பதுக்கு மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள் தீவுகளாக நிற்கின்றன. புதுத்தோட்டம் துண்டு நூறு ஹெக்டேருக்கும் குறைவுதான்; ஆனாலும் அங்கே சோலைமந்திகள் நெரிசலாக வாழ்கின்றன. நடுவே பொதுச்சாலை போகிறது. சிதைந்த துண்டில் மந்தி தன் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறது: தரையில் இறங்குகிறது, கொய்யா தின்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்த குடைமரத்தின் பழத்தையும் விடுவதில்லை. 'பார், பழகிவிட்டது' என்று இதை நல்ல செய்தியாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. தரைக்குப் பழகிய மந்திக்கு வண்டியும் நாயும் மின்கம்பியும் புதுச் சாவு. துண்டை விட்டு வேறு காட்டுக்கு ஆண் மந்தி போய்ச் சேராவிட்டால் மரபணுக் கலப்பும் நின்றுவிடும்.

அங்கே நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனும் வனத்துறையும் சேர்ந்து சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியிருக்கின்றன. பொருள் என்ன தெரியுமா? தீயணைப்பு நிலையங்களில் கழித்துப்போட்ட கித்தான் குழாய். கயிறு மழையில் ஊறி இற்றுப்போகும், மெல்லியதாக இருந்தால் கால் நழுவும். தட்டையான தீயணைப்புக் குழாய் அகலமாக இருக்கும், பிடி கிடைக்கும், மழையைத் தாங்கும். எளிமையான வேலை போலத் தோன்றும்; ஆனால் கெட்டுப்போக இடம் நிறைய. விறைப்பாக இழுத்துக் கட்டினால் காற்றில் இரு மரமும் எதிரெதிராக ஆடும்போது கட்டு அறும். தொய்வு விட வேண்டும், ஆனால் தொய்ந்த நடுப்பகுதி பேருந்து உச்சிக்கும் மரம் ஏற்றிய லாரிக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மரத்தைச் சுற்றி இறுக்கினால் பட்டை வெட்டுப்பட்டு மரமே பட்டுப்போகும். மந்திகள் ஏற்கனவே சாலையைக் கடக்கும் இடத்தில்தான் கட்ட வேண்டும், நமக்கு வசதியான இடத்தில் அல்ல. இவை எல்லாம் சரியாக இருந்தும் பாலம் வெறிச்சோடிக் கிடக்க ஒரு காரணம் போதும்: கீழே வண்டியை நிறுத்திச் சுற்றுலாப் பயணி நீட்டும் பிஸ்கட்.

அந்தக் கடக்கும் இடம் எண்ணிக்கைக்கும் உதவும். அடர்ந்த மரக்கூரையில் கூட்டத்தை எண்ணினால் ஒன்றையே இரண்டு முறை எண்ணுவோம், அல்லது பாதியை விட்டுவிடுவோம். கூட்டம் இடைவெளியை ஒவ்வொன்றாகத் தாண்டும்போது ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, வளர்ந்த ஆண், வளர்ந்த பெண், இளசு, தாய் வயிற்றைக் கட்டிய குட்டி என்று பிரித்துக் குறித்தால் கணக்கு தேறும். குட்டிகளின் எண்ணிக்கையை வளர்ந்த பெண்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்ப்பதே முக்கியம். மொத்த எண்ணிக்கை நிலையாக இருந்தும் குட்டி விகிதம் சரிந்தால் அந்தக் கூட்டம் கிழடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

துருவை எண்ணுவது எளிது. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் வெளிர்மஞ்சள் புள்ளி மட்டும் தெரியும். அடிப்பக்கம் அதே இடத்தில் ஆரஞ்சுத் தூள். விரலால் தேய்த்தால் தூள் விரலில் ஒட்டும். ஒட்டாமல் நடுவே பழுப்பாகக் காய்ந்து வளையமிட்டால் அது வேறு இலைப்புள்ளி. ஆரஞ்சின் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தால் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். துருவைத் தின்னும் இன்னொரு பூஞ்சை அது, லெக்கானிசிலியம். தோட்டத்தின் பல பகுதிகளிலும் செடிகளைத் தேர்ந்து, மேல், நடு, கீழ் அடுக்குகளிலிருந்து இலை பார்த்து நூற்றுக்கு எத்தனை என்று குறிக்க வேண்டும். கோடையைத் தாண்டிச் செடியில் நின்ற பழைய இலைகளில்தான் அடுத்த பருவத்தின் விதை இருக்கிறது. அதனால் மழைக்கு முந்தைய கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம்.

தடுப்பு மருந்தில் இன்றும் முதலிடம் போர்டோக் கலவைக்குத்தான். அராபிகாவுக்கு 0.5 சதவீதம்: 200 லிட்டர் பீப்பாய்க்கு மயில் துத்தம் (செம்புச் சல்பேட்) 1 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 1 கிலோ. துத்தத்தைத் தனியே, சுண்ணாம்பைத் தனியே கரைக்க வேண்டும்; இரும்புப் பாத்திரம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றினால் துகள் திரண்டு தெளிப்பானை அடைக்கும். சாணை பிடித்த கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் கலவை புளிப்பு, இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒன்று, மழை ஓய்ந்தபின் ஒன்று. பலர் தோற்பது எங்கே என்றால், இலையின் மேல்பக்கத்தை நீலமாக நனைத்துவிட்டுத் திருப்தியாகப் போவார்கள். துரு நுழைவது அடியிலிருந்து. தெளிப்பான் முனை கீழிருந்து மேல்நோக்க வேண்டும். செம்பு முளைக்கும் வித்தைத்தான் கொல்லும், உள்ளே போனதைக் கொல்லாது. நோய் ஏறியபின் ஊடுருவும் மருந்துதான் வழி. இன்னொன்று: செம்பு மண்ணில் சிதையாது, சேர்ந்துகொண்டே போகும், துருவைத் தின்னும் அந்த வெள்ளைப் பூஞ்சையையும் விட்டுவைக்காது. எனவே கணக்குப் பார்க்காமல் அடிப்பது இரட்டை நட்டம்.

எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் போட்டால் தீர்ந்ததா? 1911-இல் மைசூர்ப் பகுதித் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த கென்ட் ரகம் சில ஆண்டுகள் துருவின்றி நின்றது. பிறகு அதை உடைக்கும் புதிய துரு இனம் பரவியது. பாலேஹொன்னூர் ஆய்வு நிலையம் தந்த எஸ்.795 அதற்கு அடுத்த படி. 2007-இல் வந்த சந்திரகிரி வரை இந்த ஓட்டம் தொடர்கிறது. துருவில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரே ரகத்தை மலை முழுக்க நட்டால், அதை உடைக்கும் ஒரே ஒரு மாற்றத்துக்காகக் கோடிக்கணக்கான வித்துகள் காத்திருக்கின்றன. மந்திக்குக் குறைந்த எண்ணிக்கையால் மரபுவளம் சுருங்குகிறது. காபிக்கு நாமே சுருக்கி நட்டோம். எத்தியோப்பியாவின் காட்டுக் காபியிலும் துரு உண்டு, ஆனால் நாசம் செய்வதில்லை: செடிக்குச் செடி மரபு வேறு, நிழல் உண்டு, துருவைத் தின்னும் பூஞ்சைகள் உண்டு. அந்தக் காட்டு அராபிகாவும் இப்போது அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. அதாவது 'அழிந்துவரும் உயிர்' என்ற சொல் இந்தக் கதையில் குரங்குக்கு மட்டும் உரியதல்ல.

கடைசியாக நிழல்மரம், ஏனென்றால் இரண்டும் நேரடியாகச் சந்திப்பது அங்கேதான். நிழல் இருந்தால் துரு குறையும் என்று ஒரு கட்சி, கூடும் என்று ஒரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. நிழலில் செடி அளவோடு காய்க்கும். அளவுக்கு மீறிக் காய்த்த செடியைத்தான் துரு மோசமாக அடிக்கும். ஆனால் நிழல் இலையை நீண்ட நேரம் ஈரமாக வைக்கும், வித்து முளைக்க அதுவும் வேண்டும். ஆகவே எவ்வளவு நிழல் என்பதைவிட, எந்த உயரத்து நிழல் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. காபிக்கு மேல் தணிந்து அடர்ந்த கிளைகளைப் பருவமழைக்கு முன் கழித்துக் காற்றோட்டம் விடுங்கள். மேலடுக்கில் ஓங்கிய மரங்களை வெட்டாதீர்கள். காபிக்கு வேண்டிய காற்று கீழே கிடைக்கிறது, மந்திக்கு வேண்டிய பாதை மேலே நிற்கிறது. அந்த மேலடுக்கில் சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நின்றால் மிளகுக் கொடிக்கு வசதி, மந்திக்கு அது பழமில்லாத வெறும் கம்பம். வெடிப்பலா, அத்தி, காட்டுப்பலா போன்றவற்றை இடையிடையே நட வேண்டும். இத்தகைய மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் பெரிய விதைகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்த முடியாது. உதிர்ந்த கையோடு பொறுக்கி நாற்றுப்பையில் போட்டு, நிழலில் வளர்த்து, பருவமழை பிடித்ததும் நட வேண்டும். நட்ட முதல் சில ஆண்டுகளுக்கு உண்ணிச்செடியைச் சுற்றிலும் அறுத்துக்கொண்டே இருக்காவிட்டால் கன்று மூடிப்போகும்.